முழுமுகத் தலைக்கவசம்: வாங்கும் முன் அறிய வேண்டியவை

இருசக்கர வாகன விபத்தில் தலைக்காயமுற்று அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுவோரின் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “ஹெல்மெட் போட்டுக்கொண்டுதானே போனார், டாக்டர்? பிறகு எப்படி?” விசாரித்தால் பல வேளைகளில் இரண்டு விடைகளில் ஒன்று கிடைக்கும். தலை தரையில் மோதுவதற்கு முன்பே தலைக்கவசம் கழன்று சாலையில் உருண்டிருக்கும். அல்லது அது உச்சந்தலையை மட்டும் மூடும் தொப்பி வகையாக இருந்து, அடியானது பொட்டிலோ தாடையிலோ விழுந்திருக்கும். நாள்தோறும் வேலைக்கும் கல்லூரிக்கும் வண்டியில் செல்வோர் இவ்விரண்டையும் கடையில் வாங்கும்போதே பெருமளவு தவிர்த்துவிட இயலும்.

தலைக்கவசத்தின் வெளி ஓடு கடினமாக இருப்பதுதான் பாதுகாப்பு என்று பலர் எண்ணுகின்றனர். கூரிய பொருள் உள்ளே நுழையாமல் தடுப்பதும் அடியின் விசையைப் பரவலாக்குவதும் ஓட்டின் பணி. மூளையை உண்மையில் காப்பது, ஓட்டுக்கு உள்ளே தெர்மாகோல் போலத் தோன்றும் நுரைப்படலமே. அது நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை, தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 20 கி.மீ. வேகத்தில் இருக்கும். அந்த வேகம் 3 மில்லிமீட்டருக்குள் அடங்குமானால், தலை தாங்கும் விசை அதன் எடையைப்போல் சுமார் 500 மடங்கு. நுரை நசுங்கி அத்தூரம் 3 சென்டிமீட்டராக நீண்டால் அது சுமார் 50 மடங்காகக் குறைந்துவிடும். மண்டையோட்டுக்குள் நீர்மம் சூழ இருக்கும் மென்மையான மூளைக்கு இந்த வேறுபாடுதான் உயிர்.

இக்கணக்கில் வண்டியின் வேகம் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். நின்ற நிலையிலிருந்து சாய்ந்து விழுந்தாலும் தலை இதே அளவுக்கு அடிபடக்கூடும். “தெருமுனைக் கடைக்குத்தானே”, “மெதுவாகத்தான் ஓட்டுவேன்” என்னும் சமாதானங்களை என்னால் ஏற்க முடியாததற்குக் காரணம் இதுவே.

தலைக்கவசத்தின் பயனை மருத்துவ உலகம் ஆராயத் தொடங்கியதில் ஒரு பழைய கதையும் உண்டு. ‘அரேபியாவின் லாரன்ஸ்’ எனப் புகழ்பெற்ற டி.இ. லாரன்ஸ் 1935 மே மாதம் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் காயமுற்று, ஆறு நாள்களுக்குப் பின் நினைவு திரும்பாமலேயே இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களுள் ஒருவரான நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ், மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. பல ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்த 2008-ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பு, தலைக்கவசம் இறப்பு அபாயத்தை 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைப்பதாகக் கணித்துள்ளது.

முழுமுக வகையையே நான் பரிந்துரைப்பது ஏன்? முன்னோக்கி எறியப்படுபவரின் முகமும் கீழ்த்தாடையும் தரையிலோ எதிர்வாகனத்திலோ முதலில் மோத நேரலாம். திறந்த முகக் கவசத்தில் அப்பகுதிக்குக் காவல் ஏதுமில்லை. முக எலும்புகள் முறிந்தால் அழகு கெடும் என்பது மட்டுமன்று. இரத்தமும் உடைந்த பற்களும் மூச்சுப்பாதையை அடைக்கின்றன. ஏற்கெனவே அடிபட்ட மூளைக்கு ஆக்சிஜன் குறையும்போது அது இரண்டாம் முறை காயப்படுகிறது. முதற்காயத்தை எங்களால் மாற்ற இயலாது. இரண்டாம் காயத்தைத் தடுக்கவே தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு பகலாகப் போராடுகிறோம். தாடைப் பகுதியை மேலே தூக்கிவிடும் வசதியுள்ள வகையை வாங்குவோர், ஓட்டும்போது அதை இறக்கிப் பூட்டியே வைக்க வேண்டும். சென்னை வெயிலில் அது நடப்பதில்லை என்பதே நான் காண்பது. ஆகவே காற்றுத்துளைகள் நன்கு அமைந்த, தூக்க இயலாத வகையே மேல்.

இனி அளவு. இதில்தான் பெரும்பாலோர் சறுக்குகின்றனர். தையற்காரர் பயன்படுத்தும் நாடாவால், புருவத்துக்கு ஒரு விரல் மேலாகத் தொடங்கிப் பின்மண்டையின் மேடு வழியாகச் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். உள்ளே ஒட்டிய சீட்டில் 580 மி.மீ., 600 மி.மீ. என்பதுபோல் அளவு குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் எண் ஒரு தொடக்கமே. தலையின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் அணிந்து பார்ப்பதற்கு மாற்று இல்லை. இணையத்தில் வாங்குவோர், திருப்பித் தரும் வசதி உண்டா என்று முதலில் பாருங்கள். அணிந்ததும் கன்னங்கள் சற்றே அழுந்த வேண்டும். கவசத்தை இரு கைகளாலும் பிடித்து இடவலமாக அசைத்தால், அதனோடு முகத்தின் தோலும் சேர்ந்து நகர வேண்டும். கவசம் மட்டும் வழுக்கினால் அது பெரிது. அடுத்து, பட்டையை மாட்டியபின் பின்புற அடிவிளிம்பைப் பிடித்து முன்னோக்கி உருட்டிக் கழற்ற முயலுங்கள். கழன்று வருமானால், எவ்வளவு விலையுயர்ந்ததானாலும் அதை வைத்துவிடுங்கள். விபத்தில் நடப்பதும் அதேதான்.

கடையிலேயே பத்து நிமிடம் அணிந்திருங்கள். நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் வலி தோன்றினால் வேறு வடிவம் தேவை. மொத்தமாகச் சற்று இறுக்கமாக இருந்தால் அஞ்ச வேண்டாம். கன்னத் திண்டுகள் சில வாரங்களில் இளகிவிடும். “தாராளமாக இருக்கட்டும்” என்று ஒரு அளவு கூட்டி வாங்குவது குழந்தைக்குச் சட்டை வாங்கும் வழக்கம், இங்கே பொருந்தாது. கண்ணாடி அணிவோர் கண்ணாடியுடனும், பெண்கள் வழக்கமாக முடியும் பின்னலுடனும் அணிந்து பார்க்க வேண்டும். கொண்டைமேல் அமரும் கவசம் தலையில் அமர்வதில்லை. வியர்வைக்காகத் துண்டை மடித்து உள்ளே வைப்பதும் அளவைக் கெடுக்கும். மெல்லிய பருத்தித் துணி போதும்.

தாடைப் பட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தத்துக்குரியது. போக்குவரத்துக் காவலரைக் கண்டதும் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் கவசம் அபராதத்திலிருந்து காக்கலாம். பட்டைக்கும் தாடைக்கும் இடையே இரு விரல்களுக்கு மேல் நுழையக்கூடாது. கிளிப் உடைந்தபின் முடிச்சுப் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள்.

இந்தியாவில் இருசக்கர வாகனத் தலைக்கவசத்துக்கான தரநிலை ஐ.எஸ். 4151. இத்தரத்துக்குரிய ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாதவற்றை விற்பது 2021 ஜூன் முதல் தடை செய்யப்பட்டுள்ளது. ஆயினும் சாலையோரங்களில் போலி முத்திரைகள் உலவுகின்றன. முத்திரையுடன் உள்ள சி.எம்/எல் எனத் தொடங்கும் உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் இட்டால் தயாரிப்பாளர் பெயர் தெரியும். முகக்கண்ணாடி நிறமற்றதாக இருக்கட்டும். கறுப்புக் கண்ணாடி மாலைக்குப்பின் பள்ளத்தை மறைத்துவிடும். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளோர், முத்திரை பெற்றவற்றுள் எடை குறைந்ததைத் தேர்ந்தெடுக்கலாம். எடை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்பதில்லை.

பின்னிருக்கையில் அமர்பவருக்கும் சட்டம் ஒன்றே. நான்கு வயதைக் கடந்த எவருக்கும் தலைக்கவசம் கட்டாயம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் அவர்கள் தலைக்குப் பொருந்தும் கவசம் வேண்டும் என்ற விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

விபத்து நேர்ந்தால், அருகிலிருப்போர் பதற்றத்தில் முழுமுகக் கவசத்தைப் பிடித்து இழுத்துவிடுகின்றனர். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அது கை கால்களைச் செயலிழக்கச் செய்யலாம். காயமுற்றவர் சீராக மூச்சுவிடுகிறாரெனில் முகக்கண்ணாடியை மட்டும் திறந்துவிட்டு, தலை அசையாமல் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். மூச்சு நின்றுவிட்டாலோ வாயில் இரத்தமோ வாந்தியோ நிரம்பினாலோ மட்டும் கழற்ற வேண்டும். அதற்கும் இருவர் தேவை. ஒருவர் கீழிருந்து தாடையையும் பின்கழுத்தையும் தாங்கிக்கொள்ள, மற்றவர் பட்டையை அவிழ்த்து, கவசத்தின் பக்கங்களை வெளிப்புறமாக விரித்து, மெல்ல நேராக உருவ வேண்டும்.

அந்தக் கவசத்தை மருத்துவமனைக்கு எடுத்து வாருங்கள். எந்தப் பக்கம் எவ்வளவு நசுங்கியுள்ளது என்பது, அடி எங்கே விழுந்தது என்பதை எங்களுக்குக் காட்டும். அதன்பின் அதை யாரும் அணியக்கூடாது. வெளியே கீறல் மட்டுமே தெரிந்தாலும் உள்ளிருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் மீள்வதில்லை. பட்டையை வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். இல்லையேல் வீட்டில் இன்னொருவர் எடுத்து மாட்டிக்கொள்வார். தலையில் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியோர், வலிப்பு மருந்து உட்கொள்வோர், மண்டையோட்டின் எலும்பு இன்னும் பொருத்தப்படாதோர் ஆகியோர் புதிய கவசம் வாங்குவதற்கு முன், மீண்டும் வண்டி ஓட்டலாமா என்பதை மறுபரிசோதனைக்கு வரும் நாளில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.