ஊருக்குப் போகிறவர் கைப்பணம்



நம் தோட்டங்களில் ஒருவர் "ஊருக்குப் போகிறோம்" என்றால் எந்த ஊர் என்று எவரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் தாத்தா பாட்டி விட்டு வந்த ஊர்தான். 'ரஜூலா'விலும், பிறகு 'சிதம்பரம்' கப்பலிலும் பினாங்கில் ஏறிச் சென்னைக்குப் போய் வந்த பெரியவர்கள் பணத்தை இடுப்பில் முடிந்துகொண்டார்கள். 1985 பிப்ரவரியில் 'சிதம்பரம்' தீப்பற்றியதோடு அந்தக் கப்பல் பயணம் நின்றுபோனது. இப்போது கோலாலம்பூரில் விமானம் ஏறினால் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் திருச்சியில் இறங்குகிறோம். ஆனால் கையில் கொண்டுபோகும் பணம் அன்றைப் போலவே பல வருடம் வியர்வை சிந்திச் சேர்த்த பணம்தான்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். ஆறு பேர் போனார்கள். குடும்பத் தலைவர் தோளில் ஒரே ஒரு பை. பணம் அத்தனையும், ஆறு கடப்பிதழ்களும் அதற்குள். அங்கே ஒரு பேருந்து நிலையத்தில் தேநீர் குடித்த நேரத்தில் பை போய்விட்டது. எவ்வளவு பணம் இருந்தது என்று போலீசார் கேட்டபோது மனைவி கணவரின் முகத்தைப் பார்த்தார். அவருக்கு அது தெரியாது. அன்று ஆறு பேரும் சாப்பிட்டதும், உறவினர் வீடு போய்ச் சேர்ந்ததும் பாட்டியின் சுருக்குப்பையில் இருந்த ரூபாயால்தான். மகனுக்குத் தெரியாமல் அந்த அம்மா வைத்திருந்த பணம் அது!

அதன் பிறகுதான் அலைச்சல். கடப்பிதழ் தொலைந்தால் முதலில் போலீசில் புகார் கொடுத்து, அதன் நகலை வாங்க வேண்டும். பிறகு சென்னையிலுள்ள மலேசியத் துணைத் தூதரகத்துக்குப் போய், நாடு திரும்புவதற்கான பயணப் பத்திரம் பெற வேண்டும். அத்தோடு முடிவதில்லை. விசாவும் பழைய கடப்பிதழோடு போய்விட்டதல்லவா? ஆகவே இந்தியக் குடிநுழைவு அலுவலகத்தில் வெளியேறும் அனுமதியும் வாங்க வேண்டும். கடப்பிதழ், விசா, அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்கள் வேறொரு பெட்டியில் இருந்தால் இந்த வேலை பாதியாகக் குறையும். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்தால் மட்டும் போதாது. தொலைபேசியும் அதே பையில் இருந்திருக்கலாம்.

எனவே புறப்படும் முன்பே பணத்தைப் பிரித்துவிட வேண்டும். கணவரிடம் ஒரு பங்கு, மனைவியிடம் ஒரு பங்கு, விவரம் தெரிந்த மூத்த பிள்ளையிடம் கொஞ்சம். தேநீருக்கும் ஆட்டோவுக்கும் வேண்டிய சில்லறை நோட்டுகள் சட்டைப் பையில் தனியாக இருக்கட்டும். நூறு ரூபாய் கொடுப்பதற்காகக் கடைத்தெருவில் கட்டைப் பிரிப்பது, பார்க்கிறவனுக்குக் கணக்குக் காட்டுவது போலாகும். வங்கி அட்டை வைத்திருப்பவர்கள், அது வெளிநாட்டில் வேலை செய்யும்படி திறந்துவிடச் சொல்லி வங்கியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. அங்கே போய் இயந்திரத்தின் முன்னால் நின்று திகைத்தவர்கள் உண்டு.

இனி, பெட்டிக்கடியில் கிடக்கும் பழைய இந்திய நோட்டுகள். போன தடவை மிஞ்சியது என்று பத்திரமாக வைத்திருப்போம். 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு இந்திய அரசு பழைய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. மாற்றிக்கொள்ளக் கொடுத்த தவணையும் முடிந்துவிட்டது. அதன்பின் வந்த இரண்டாயிரம் ரூபாய் நோட்டும் 2023 மே மாதத்தில் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதைக் கடைக்காரர் வாங்க மாட்டார். யாராவது அந்த நோட்டைக் கையில் திணித்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கிழிந்த நோட்டும் அப்படித்தான்.

வெள்ளியை ரூபாயாக மாற்றும் இடத்தில் பலகையைப் பாருங்கள். ஒவ்வொரு நாணயத்துக்கும் இரண்டு விலை எழுதியிருக்கும். ஒன்று அவர்கள் வாங்கும் விலை, மற்றது விற்கும் விலை. கணக்குக்காகச் சொல்கிறோம்: ஒரு கடையில் வெள்ளிக்குப் பத்தொன்பது ரூபாய், அடுத்த கடையில் இருபது என்றால் இரண்டாயிரம் வெள்ளிக்கு இரண்டாயிரம் ரூபாய் வித்தியாசம். விமான நிலையத்தில் பெரும்பாலும் குறைவாகத்தான் கிடைக்கும். அங்கே வழிச்செலவுக்கு மட்டும் மாற்றி, மீதியை ஊரில் உரிமம் பெற்ற கடையில் மாற்றலாம். ரசீது வாங்கி, அங்கேயே நின்று எண்ணுங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம்.

ஒன்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். மலேசியாவிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று உறவினர்கள் சூழ்ந்துகொள்வார்கள். வெறுங்கையோடு நிற்க மனம் வராது. அதற்காக ஆலோங்கிடம் கடன் வாங்கிக்கொண்டு போனவர்களும் நம்மிடையே உண்டு. யாருக்கு என்ன என்று பிள்ளைகளின் கணக்கு நோட்டில் இங்கேயே எழுதிவிடுங்கள். அதற்குமேல் கேட்டால் சொல்வதற்கு, "அவள்தான் கணக்கு வைத்திருக்கிறாள்" என்ற பதில் கணவருக்கும், "அவரைக் கேளுங்கள்" என்ற பதில் மனைவிக்கும் இருக்கவே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. திரும்பும்போது விமான நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவர் பாசத்தோடு பேசி, "இந்தப் பொட்டலத்தை மட்டும் அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள், செலவுக்குப் பணம் தருகிறோம்" என்பார். உள்ளே மாவு என்பார், மருந்து என்பார். போதைப்பொருளாக இருந்தால் பிடிபடுவது பெட்டிக்குரியவர்தான். கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்டது உண்மை. ஆனாலும் போதைப்பொருள் கடத்தலுக்கு நீதிபதி அத்தண்டனையை விதிக்க நம் நாட்டில் இன்னும் இடம் இருக்கிறது. "எங்கள் பெட்டியிலேயே இடமில்லை, ஐயா" என்று சொல்லிவிட்டு அவ்விடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள்.