ட்யூப்லைட்டும் ஒரு துளிப் பாதரசமும்

சென்ற தீபாவளிக்கு முன் மும்பையில் எங்கள் சொசைட்டி மாடிப்படிகளுக்கு எல்.இ.டி. விளக்குப் போட்டார்கள். கழற்றிய ட்யூப்லைட்டுகள் குப்பைத்தொட்டி ஓரமாய்ச் சாய்ந்து கிடந்தன. மறுநாள் காலை பால் வாங்கப் போனேன். பத்து வயதுப் பையன் ஒருவன் அவற்றை ஒவ்வொன்றாய் உடைத்துக்கொண்டிருந்தான், முனையிலுள்ள அலுமினிய மூடிக்காக. "விஷம்டா, வேண்டாம்" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் தடுத்தேன். "கண்ணாடிதானே!" என்று சிரித்தான். எங்கள் செகரட்டரியும் அதையேதான் சொன்னார்.

வெறும் கண்ணாடி இல்லை. குழலுக்குள் மிகக் குறைந்த அழுத்தத்தில் ஆர்கான் வாயுவும் சிறிது பாதரசமும் இருக்கின்றன. மின்சாரம் பாயும்போது எலக்ட்ரான்கள் பாதரச ஆவியில் மோத, 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் பிறக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. குழலின் உட்புறம் பூசிய வெள்ளைப் பொடிதான் அதை வாங்கி வெளிச்சமாக மாற்றித் தருகிறது.

அளவு கொஞ்சம்தான். சி.எஃப்.எல். பல்பு ஒன்றில் பெரும்பாலும் 5 மில்லிகிராமுக்குள். பழைய ட்யூப்லைட்டுகளில் இன்னும் அதிகம். வீட்டில் ஒன்று உடைந்தால் பதற வேண்டியதில்லை. ஆனால் தினமும் உடைப்பதே பிழைப்பானால்? சுவாசத்தோடு உள்ளே போகும் ஆவி நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். நீர்நிலையில் சேரும் பாதரசத்தை நுண்ணுயிரிகள் மெத்தில் பாதரசமாக்குகின்றன. அது மீன் வழியே மனிதனிடம் வருகிறது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிப்பட்ட நோய்க்கு, ஆலைக்கழிவில் இருந்த அந்த மெத்தில் பாதரசமே காரணம்.

அந்த ஊர்ப் பெயரிலேயே 2013-இல் உலக ஒப்பந்தம் ஏற்பட்டது. இந்தியா 2018-இல் அதை உறுதிசெய்தது. ட்யூப்லைட் உற்பத்தியை 2027-க்குள் நிறுத்துவதென்று 2023-இல் உறுப்பு நாடுகள் முடிவெடுத்தன. நல்லதுதான். ஆனால் எரியும்வரை சாதுவாக இருக்கும் குழல், கழற்றிய பிறகுதான் ஆபத்தாகிறது. இப்போது ஊரெங்கும் கழற்றுகிறோமே!

எனவே உடையாமல் அட்டையில் சுற்றி, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்து கால்மணி நேரம் வெளியே இருங்கள். துடைப்பம் வேண்டாம், தடித்த அட்டையால் வாரி, ஈரத்துணியால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள்.

எங்கள் சொசைட்டியில் மிச்சக் குழல்களை மீட்டர் ரூமில் பூட்டி வைத்து, பிறகு மின்கழிவு வண்டியில் ஏற்றினோம். பையன் அதற்குள் அடுத்த கட்டிடத்துக்குப் போய்விட்டான். அங்கேயும் ட்யூப்லைட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.