61 ஆண்டு கழித்துக் கரை சேர்ந்த துமரி

கர்நாடக மாநிலம் சிவமொக்கா மாவட்டம் சாகரா வட்டத்தில் உள்ளது துமரி கிராமம். நெல்லும் பாக்கும் விளையும் மலைநாடு. மக்கள் ஓரிடத்தில் நெருங்கி இராமல், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறி வாழ்கிறார்கள்.

1964-ல் சராவதி ஆற்றின் குறுக்கே லிங்கனமக்கி அணை எழுந்தது. மாநிலத்துக்கு மின்சாரம் கிடைத்தது. வீடும் வயலும் நீரில் மூழ்கிப் பலர் ஊரைவிட்டே வெளியேறினர். எஞ்சிய கரூர், பாரங்கி பகுதி மக்களுக்கு ஒரு புறம் காடு. மற்ற புறங்களில் நீர்.

லாஞ்சே கதி

அம்பாரகோட்லு, களசவள்ளி துறைகளுக்கிடையே ஓடிய லாஞ்சுதான் ஆட்களையும் பஸ்களையும் அக்கரை சேர்த்தது. சிகந்தூர் சௌடேஸ்வரி கோவில் பக்தர்களும் அதில்தான் வந்தனர். பொழுது சாய்ந்தால் லாஞ்சு கிடையாது. இரவில் பிரசவ வலி கண்டாலும், பாம்பு கடித்தாலும் வெகுதூரம் சுற்றித்தான் சாகரா ஆஸ்பத்திரியை அடையவேண்டும். கடுங்கோடையில் நீர் குறைந்தால் வாகனங்களை ஏற்றமாட்டார்கள்.

பாலம் வந்தது

2018-ல் அடிக்கல் நாட்டப்பட்ட பாலத்தை, 2025 ஜூலை 14-ந் தேதி மத்திய மந்திரி நிதின் கட்காரி திறந்து வைத்தார். நீளம் 2.44 கிலோ மீட்டர். செலவு சுமார் 470 கோடி ரூபாய். பெங்களூர்த் தமிழர்கள் தாளகுப்பா ரயிலில் சென்று சாகராவில் இறங்கினால், அங்கிருந்து லாஞ்சுக்குக் காத்திராமல் சாலை வழியே சிகந்தூர் போய்விடலாம்.

ஊருக்கெல்லாம் விளக்கெரிய நிலம் கொடுத்தவர்கள் இவர்கள். நள்ளிரவில் நோயாளியைக் கொண்டு செல்ல நேர்வழி கிடைக்க அவர்களுக்கு 61 ஆண்டு ஆயிற்று.