முத்திரையும் வாசலும்

அண்மையில் அழகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு தாய் என்னைக் காண வந்தார். "சாமி, வெளிநாட்டிலிருக்கும் மகன் நோயுற்றுக் கிடப்பதாகவும், உடனே பணம் வேண்டுமென்றும் அவன் பெயரிலேயே மின்னஞ்சல் வந்தது. கடன் வாங்கி அனுப்பினேன். அவனோ நலமாயிருக்கிறான்" என்று கண் கலங்கினார். மகனின் அஞ்சற் கணக்கில் கள்வன் நுழைந்திருந்தான். "பூட்டுச் சின்னத்தைப் பார்த்துத்தானே கடவுச்சொல்லை இட்டேன்" என்றானாம் மகன். அப்படியானால் அந்தப் பூட்டு எதைக் காக்கிறது?

1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலியின் காலத்தில், சேசு சபையாரின் கடிதங்கள் கப்பலேறி ரோமாபுரி சென்றன. சபைத் தலைவர் மட்டுமே படிக்க வேண்டியவற்றின்மேல் 'சோலி' என்று எழுதுவர். 'அவருக்கு மட்டும்' என்பது அந்த இலத்தீன் சொல்லின் பொருள். வழியில் எத்தனை கைகள் மாறினாலும் இரகசியம் காக்கப்பட வேண்டுமன்றோ?

மின்னஞ்சலும் பல கணிப்பொறிகளின் வழியே செல்கிறது. தொடக்க நாள்களில் பல நிறுவனங்கள் கடவுச்சொல்லை மட்டும் மறைத்து அனுப்பின; பின்னர் கடிதங்கள் அஞ்சலட்டைபோல் திறந்தே சென்றன. பொது இடத்தின் கம்பியில்லா இணைப்பில் பிறர் கணக்கினுள் எவரும் எளிதில் புகலாம் என்பதை, 2010 அக்டோபரில் வெளியான 'ஃபயர்ஷீப்' என்னும் கருவி உலகறியக் காட்டியது. அவ்வாண்டு ஜனவரியிலேயே ஜிமெயிலும், 2014 ஜனவரியில் யாகூவும் போக்குவரத்து முழுவதையும் மறைமொழியாக்குவதை வழக்கமாக்கின. முகவரியின் தொடக்கத்திலுள்ள 'எச்.டி.டி.பி.எஸ்.' என்பதே அதன் அடையாளம்.

ஆனால் இம்முத்திரை காப்பது வழியை மட்டுமே. வழியின் முடிவில் இருப்பவன் நல்லவன் என்று அது சான்று பகர்வதில்லை. கள்வனும் தன் போலித் தளத்துக்கு அதே முத்திரையைப் பெறலாம். இதைப் பலர் தவறாக உணர்ந்ததனால்தான் குரோம் உலாவி 2023-இல் பூட்டுச் சின்னத்தையே அகற்றியது. அந்த மகன் நுழைந்த பக்கத்தின் முகவரியில் ஓரெழுத்து மாறியிருந்தது. கடவுச்சொல் வழியில் களவு போகவில்லை; பத்திரமாகக் கள்வனிடமே போய்ச் சேர்ந்தது!

ஆதலின் பெற்றோரே, பிள்ளைகளே, கடிதத்தில் வந்த இணைப்பைத் தொடாமல் முகவரியை நீங்களே எழுதி நுழையுங்கள்; எழுத்தெழுத்தாய்ச் சரிபாருங்கள். உலாவி எச்சரித்தால் திரும்பிவிடுங்கள். இரண்டாம் சரிபார்ப்பை அமைத்துக்கொள்ளுங்கள். பொதுக் கணிப்பொறியில் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். பணம் கேட்டுக் கடிதம் வந்தால், முதலில் தொலைபேசியில் பிள்ளையின் குரலைக் கேளுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணில் முறையிடுங்கள்.

ஆடுகள் ஆயனின் குரலை அறியும் என்றார் நம் ஆண்டவர். அன்று அந்தத் தாய் மகனின் குரலைக் கேட்டிருந்தால், கள்வனின் வேடம் அப்போதே கலைந்திருக்கும்.