பிஷப்பின் அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

சித்தூர், திருப்பதி பக்கத்துக் கத்தோலிக்கர்கள் கடப்பா மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அந்த மறைமாவட்டத்துக்கு ஆயரை, அதாவது பிஷப்பை, நியமிப்பவர் போப்பாண்டவர். அதே சித்தூரில் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ. சபையாருக்கும் பிஷப் உண்டு. ஆனால் அவருக்கும் ரோமுக்கும் சம்பந்தமில்லை. ஏன் இப்படி என்று கேட்டால், கிறிஸ்தவத்தின் முதல் ஐந்து நூற்றாண்டுகளுக்குப் போக வேண்டும்.

கத்தோலிக்கர் சொல்வது இது: பேதுருவைப் பாறை என்று அழைத்த இயேசு, விண்ணரசின் திறவுகோல்களை அவருக்குத் தருவதாகச் சொன்னார் (மத்தேயு 16). பேதுரு ரோமில் உயிர்நீத்தார். ஆகவே ரோமின் ஆயரான போப்பாண்டவரே அவருடைய வாரிசு. பேதுரு ரோமில் இறந்தார் என்பதை வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். தகராறு வாரிசு விஷயத்தில்தான்.

அந்தியோக்கியாவின் ஆயர் இக்னேஷியஸ் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மரணதண்டனைக்காக ரோமுக்குக் கொண்டுபோகப்பட்ட வழியில் ஏழு கடிதங்கள் எழுதினார். ஆயரை விட்டு விலகாதீர்கள் என்று மற்ற சபைகளிடம் மன்றாடியவர், ரோமுக்கு எழுதியதில் மட்டும் அந்த ஊர் ஆயரைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்தக் காலத்து ரோமில் ஒரே ஆயர் இல்லை, மூப்பர் குழுவே சபையை நடத்தியது என்று பல ஆய்வாளர்கள் கருத இதுவும் ஒரு காரணம். சுமார் 180இல் ஆயர் ஐரேனியஸ் எழுதும்போதோ, லீனஸ் தொடங்கி ரோம ஆயர்களின் பெயர் வரிசையே கிடைத்துவிடுகிறது. விதை முளைத்து வளர்ந்தது என்கிறார்கள் கத்தோலிக்கர். பின்னால் கட்டிய வரிசை என்கிறார்கள் மறுப்பவர்கள்.

ரோமுக்குத் தனி மதிப்பு இருந்ததை யாரும் மறுக்கவில்லை. மதிப்பு வேறு, கட்டளையிடும் உரிமை வேறு. திருச்சபைக்கு வெளியே பெற்ற ஞானஸ்நானம் செல்லுமா என்ற வழக்கில் ரோமின் ஆயர் ஸ்டீபன் செல்லும் என்றார். 256இல் கார்த்தேஜில் கூடிய ஆப்பிரிக்க ஆயர்கள் சிப்ரியன் தலைமையில் செல்லாது என்றார்கள். 451இல் கால்சிடோனில் கூடிய ஆயர்களின் சங்கம், தலைநகரம் என்பதாலேயே ரோமுக்கு முதலிடம் தரப்பட்டது என்று எழுதி, புதிய தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளுக்கு அடுத்த இடத்தைக் கொடுத்தது. போப் முதலாம் லியோ அதை ஏற்க மறுத்தார். முதலிடம் பேதுருவால் வந்தது, பேரரசரால் அல்ல என்பது அவர் நிலை.

இந்தக் கேள்வி சித்தூருக்கு வேறு வழியாக வந்தது. 1853இல் ஸ்கட்டர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன் இங்கே சபைகளை நிறுவியது. அவர்கள் அமெரிக்காவின் சீர்திருத்தச் சபையார். அங்கே பிஷப் கிடையாது, போதகரும் மூப்பரும் கூடித் தீர்மானிப்பார்கள். 1919இல் தரங்கம்பாடியில் பிஷப் வேதநாயகம் சாமுவேல் அசரியா போன்றோர் சபைகளை இணைக்கும் பேச்சைத் தொடங்கியபோது, பெரிய முட்டுக்கட்டையே பிஷப் பதவிதான். ஆங்கிலிக்கர்களுக்கு, அதாவது இங்கிலாந்துத் திருச்சபை மரபினருக்கு, அது அப்போஸ்தலர் காலத்துத் தொடர்ச்சி. மற்றவர்களுக்கு வெறும் நிர்வாக ஏற்பாடு.

28 ஆண்டு பேசினார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் சி.எஸ்.ஐ. பிறந்தது. பிஷப்கள் இருப்பார்கள், சபையின் சட்டத்துக்கு உட்பட்டு. அந்தப் பதவியின் தோற்றம் பற்றி இன்னதைத்தான் நம்ப வேண்டும் என்று யாரையும் வற்புறுத்துவதில்லை. இதைச் சிலர் மழுப்பல் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் நூற்றாண்டுகளின் சான்றுகள் எவ்வளவு சொல்கின்றனவோ, அவ்வளவில் நின்ற நேர்மையாகவே இதைப் பார்க்கிறேன். ஆனால் எல்லாரும் சமாதானம் ஆகிவிடவில்லை: கடப்பாவுக்கு அந்தப் பக்கம் நந்தியாலில் ஆங்கிலிக்கரில் பெரும்பகுதியினர் சேர மறுத்துப் பல ஆண்டு வெளியே நின்றார்கள்.

ரோமும் பேச்சை நிறுத்தவில்லை. பேதுருவின் பணியை எப்படிச் செய்தால் எல்லாரும் ஏற்க முடியும் என்று யோசிக்க, 1995இல் போப் இரண்டாம் ஜான் பால் மற்ற சபைகளை அழைத்தார். வந்த பதில்களையும் உரையாடல்களையும் தொகுத்த ஆவணத்தை வத்திக்கான் 2024 ஜூனில் வெளியிட்டது.