இடைவேளை யார் கையில்?

அறுவடை முடிந்த புன்செய்க் காட்டிலோ சந்தைத் திடலின் ஓரத்திலோ சவுக்குக் கம்புகளை நட்டு, மேலே கித்தானையோ தென்னங்கீற்றையோ போர்த்தி எழுப்பிய டூரிங் டாக்கீஸில் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஒரு படத்துக்கு ஓர் இடைவேளைதான் உண்டு என்பது பட்டணத்துக்கு வந்த பிறகு தெரிய வந்த சங்கதி. அந்தக் கொட்டகைகளில் பெரும்பாலானவற்றில் படம் காட்டும் யந்திரம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். சுருள் ஓடி முடிந்ததும் அதைக் கழற்றி அடுத்த சுருளை மாட்டும் வரையில் விளக்கைப் போட்டு உட்கார வேண்டியதைத் தவிர வேறு வழி கிடையாது. ஆகையால், கதாநாயகி கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தாலும் சரி, வில்லன் கத்தியை ஓங்கி நின்றாலும் சரி, சுருள் தீர்ந்த இடத்தில் கதையும் நிற்கும். ஒரே ஆட்டத்தில் மூன்று முறையோ நான்கு முறையோ முறுக்குத் தட்டும் சோடாப் புட்டிகளும் மணல் தரையில் வலம் வரும். பெண்களுக்கும் ஆண்களுக்கும் நடுவே கட்டிய தடுப்புக்கு இப்பாலிருந்து அப்பால் குழந்தைகள் தூது போய் வருவார்கள். முன்னால் உட்கார்ந்தவரின் தலை மறைக்கிறது என்று மணலைக் குவித்து ஆசனம் செய்துகொண்டவர், எழுந்து போய்த் திரும்புவதற்குள் அந்த ஆசனத்தில் வேறொருவர் அமர்ந்திருப்பார். இடைவேளை அந்தக் காலத்தில் யந்திரத்தின் கையில் இருந்தது. யந்திரமோ ஆபரேட்டரின் கையில் இருந்தது.

படத்தைத் தியேட்டரில் பார்ப்பது உயர்வா, வீட்டில் பார்ப்பது உயர்வா என்று நம் குடும்பங்களில் இன்று நடக்கும் விவாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொட்டகை விளக்குத்தான் நினைவுக்கு வருகிறது. திரையின் அகலம், ஒலியின் ஆழம், டிக்கெட்டின் விலை என்று இரண்டு கட்சிக்காரர்களும் பேசுகிற காரணங்கள் யாவும் வாஸ்தவமானவையே. ஆனால் படத்தை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால், மற்றக் காரணங்களில் பாதி தாமாகவே பின்னுக்குப் போய்விடும் என்பது என் அபிப்பிராயம்.

பட்டணங்களில் எழுந்த நிரந்தரக் கட்டடங்களில் இரண்டு யந்திரங்கள் இருந்தன. ஆயிரம் அடி ஃபிலிம் ஏறக்குறைய பதினொரு நிமிஷத்தில் ஓடி முடியும். விநாடிக்கு இருபத்து நான்கு படங்கள் என்ற கணக்கில் நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி வீதம் அது போய்க்கொண்டே இருக்கும். முதல் யந்திரத்தில் ரீல் முடியப் போகும் தறுவாயில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சிறிய புள்ளி மின்னி மறையும். அதைக் கண்டதும் ஆபரேட்டர் இரண்டாவது யந்திரத்தை ஓட விடுவார். மறு புள்ளி தோன்றியதும் ஒளியை அதற்கு மாற்றிவிடுவார். கீழே இருந்த நூற்றுக்கணக்கான ஜனங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. இப்படிக் கதை இடையறாமல் ஓடக்கூடிய வசதி வந்த பிறகு இடைவேளைக்கு யந்திர நியாயம் எதுவும் மிச்சமில்லை. ஆயினும் அது போகவில்லை. பலகாரக் கடையின் வருமானம் அதைப் பிடித்து வைத்தது என்பது ஒரு பாதி உண்மை. கதாசிரியர்கள் அதைத் தம் வசமாக்கிக்கொண்டார்கள் என்பது மறுபாதி. படத்தின் நடுவில் ஒரு முடிச்சைப் போட்டு, அது அவிழுமா அவிழாதா என்ற கவலையோடு ரசிகனை வெளியே அனுப்பி, காப்பிக் கடை வாசலில் அவனைத் தவிக்கவிட்டுத் திரும்ப அழைத்துக்கொள்ளும் வித்தையை நம் தமிழ்ப் படங்கள் ஒரு சாஸ்திரமாகவே வளர்த்துவிட்டன. இன்றைக்கும் கதை சொல்லப் போகும் உதவி இயக்குநரிடம் தயாரிப்பாளர் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, இடைவேளை எங்கே வருகிறது என்பதுதான். இடைவேளையை எதிர்பாராமல் எடுக்கப்பட்ட ஆங்கிலப் படங்களை நம் ஊர்த் தியேட்டர்களில் ஒரு வசனத்தின் பாதியில் வெட்டி நிறுத்தும்போது, நாம் எந்த அளவுக்கு இந்த விளக்குக்குப் பழகிப் போனோம் என்பது புலப்படும்.

இந்த ஏற்பாட்டினால், படத்தைப் பார்க்கச் சென்றவன் தன் நேரத்தின் மீது தனக்குள்ள ஆதிக்கத்தை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போனான். அந்தக் காலத்தில் ஒரு படம் ஊரை விட்டுப் போய்விட்டால் மீண்டும் எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. 1944இல் வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பதை, அதில் பாடி நடித்த தியாகராஜ பாகவதரின் கீர்த்திக்குச் சான்றாகச் சொல்வது வழக்கம். அது உண்மையே. எனினும் அந்தப் பாட்டுகளை அந்த முகத்தோடு சேர்த்துக் கேட்பதற்குக் கொட்டகையைத் தவிர வேறு இடம் உலகத்தில் இல்லாமல் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வீட்டில் படம் பார்ப்பது நேற்று வந்த பழக்கம் என்று நினைக்கிறோம். ஆனால் ஒருவர் தனியாக, தமக்கே தமக்கென்று படம் பார்ப்பது தியேட்டரைவிட மூத்த பழக்கம் என்றால் பலர் வியப்படையக்கூடும். 1894ஆம் ஆண்டு நியூயார்க்கில் எடிசனின் கினிட்டாஸ்கோப் யந்திரங்களை வைத்து ஒரு கடை திறந்தார்கள். மார்பளவு உயரமுள்ள மரப்பெட்டியின் மேலுள்ள துவாரத்தில் கண்ணை வைத்து, குனிந்தபடி ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும். மறு வருஷம் டிசம்பர் 28ஆம் தேதி பாரிஸில் ஒரு காப்பி விடுதியின் நிலவறையில் லூமியேர் சகோதரர்கள் சலனப் படத்தைத் திரை மேல் வீசிக் காட்டி, காசு கொடுத்த கூட்டத்தை ஒன்றாக உட்கார வைத்தார்கள். எடிசனின் பெட்டி தோற்றது, கூட்டம் ஜெயித்தது. பத்தே வருஷங்களில், 1905இல், திருச்சியில் ரயில்வே உத்தியோகத்திலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து யந்திரத்தையும் சில துண்டுப் படங்களையும் விலைக்கு வாங்கிக்கொண்டு, கூடாரத்தோடு ஊர் ஊராகப் புறப்பட்டுவிட்டார். பின்னர் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டி நிலைகொண்டார். ரயில் பெட்டியின் மேல் படுக்கையில் காதில் குமிழைச் செருகிக்கொண்டு கைப்பேசியில் படம் பார்க்கும் இளைஞனைக் காணும்போது, தோற்றுப்போன எடிசனின் பெட்டி நூற்று இருபது வருஷங்களுக்குப் பிறகு வழக்கை மேல்முறையீட்டில் வென்றுவிட்டதோ என்று தோன்றுகிறது.

நம் வீடுகளுக்குள் படம் நுழைந்த கதையைப் பார்த்தால், அதிகாரம் சட்டென்று கைமாறிவிடவில்லை என்பது தெரியும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதி தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை மாலைத் தமிழ்ப் படத்துக்குத் தெருவே பெட்டி உள்ள வீட்டுக்குள் திரண்டது. செருப்புகள் வாசலை அடைக்க, சின்னஞ்சிறுசுகள் தரையிலும் பெரியவர்கள் பெஞ்சியிலும் அமர, அந்தக் கூடமே ஒரு கொட்டகையாகிவிட்டது. அங்கேயும் படத்தை நிறுத்த வீட்டுக்காரரால் முடியாது. மின்சார இலாகாவால் மட்டுமே முடியும். பிறகு வீடியோ கேசட்டு வந்தது. நிறுத்தும் பொத்தான் முதன்முதலாக மனிதனின் விரலுக்கு எட்டியது அப்போதுதான். ஆனால் அதையும் நாம் கொட்டகையாகவே பாவித்தோம். காதுகுத்து, கல்யாணம், கோயில் கொடை என்றால் டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, தெருவிலே பாய் விரித்து, விடிய விடிய மூன்று படம் போட்டோம். 1993இல் சன் டி.வி. வந்ததும் இடைவேளை விளம்பரக்காரரின் கைக்குப் போயிற்று; இரண்டரை மணி நேரப் படம் நான்கு மணி நேரமாக நீண்டது.

முழு அதிகாரமும் ரசிகனிடம் வந்து சேர்ந்தது இணையத்தின் வழியாகத்தான். 2013இல் ‘விஸ்வரூபம்’ படத்தைத் தியேட்டருக்கு முன்பாகவே வீட்டு டி.டி.எச். இணைப்புகளில் காட்டக் கமல்ஹாசன் முயன்றபோது தியேட்டர் உரிமையாளர்கள் எதிர்த்து நின்றார்கள். அந்த முயற்சி கைவிடப்பட்டது. ஏழு வருஷங்கள் கழித்துக் கொள்ளைநோய் வந்து தியேட்டர்களை எல்லாம் பூட்டியபோது அந்த எதிர்ப்புக்குப் பலமில்லாமல் போயிற்று. 2020ஆம் ஆண்டு மே 29ஆம் தேதி ‘பொன்மகள் வந்தாள்’ திரையரங்கின் வாசலை மிதிக்காமலே இணையம் வழியே நேராக வீடுகளுக்குள் நுழைந்தது. மறு ஜனவரியில், பாதி இருக்கைகளோடு திறந்திருந்த தியேட்டர்களில் ‘மாஸ்டர்’ பொங்கலை ஒட்டி வெளியாகித் திரளான கூட்டத்தை இழுத்தது. ஆனால் பதினாறே நாட்களில் அதுவும் வீட்டுக்கு வந்துவிட்டது. மூன்று தீபாவளி எங்கே, பதினாறு நாட்கள் எங்கே!

பெரிய திரைதான் தியேட்டரின் பெருமை என்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. நாற்பதடி அகலத் திரையை அறுபதடி தூரத்தில் இருந்து பார்ப்பவரின் கண்ணில் அது ஏறக்குறைய முப்பத்தேழு பாகைக் கோணத்தை அடைக்கிறது. நாற்பத்து மூன்று அங்குல டி.வி.யைப் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பவருக்கு அதில் பாதியும் தேறாது. ஆனால் கைப்பேசியைக் குறுக்காக ஓரடி தூரத்தில் பிடித்தவருக்கு ஏறக்குறைய இருபத்தெட்டுப் பாகை கிடைக்கிறது! கண்ணின் கணக்குப்படி கூடத்து டி.வி.யைவிடக் கையடக்கக் கருவியே பெரிய திரை. அப்படியிருந்தும் அதில் பார்த்த படம் மனத்தில் தியேட்டர்ப் படம் போல் நிற்பதில்லை என்றால், குற்றம் அளவில் இல்லை என்றுதானே கொள்ள வேண்டும்?

ஒலியின் விஷயத்தில் மட்டும் தியேட்டர் கட்சிக்கு முழு நியாயம் உண்டு. தியேட்டரில் திரையெங்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து வசனம் வருவதால் அது நடிகரின் வாயிலிருந்தே வருவதாக நமக்குப் படுகிறது. இசையும் இடியும் வேறு ஒலிபெருக்கிகளிலிருந்து வருகின்றன. இத்தனையையும் மெல்லிய டி.வி.யின் அடியில் ஒளித்து வைத்த இரண்டு சிறு ஒலிபெருக்கிகளுக்குள் திணிக்கும்போது வசனம் இசையில் மூழ்கிவிடுகிறது. பேச்சுக்கு ஒலியைக் கூட்டுவதும், சண்டை வந்ததும் பக்கத்து வீட்டாருக்குப் பயந்து குறைப்பதுமாக ரிமோட்டோடு நாம் மல்லாடுவதற்கு நம் காது காரணமன்று.

நகைச்சுவைக்கும் இதே கதிதான். ஒரு சிரிப்பு வசனத்துக்குப் பின்னால், அரங்கத்தின் சிரிப்பு அடங்கட்டும் என்று நடிகர்கள் சற்றே தாமதித்து அடுத்த வசனத்தை எடுப்பது பழைய நாடக மேடையிலிருந்து வந்த வழக்கம். தனியறையில் பார்ப்பவருக்கு அந்த இடம் காலியாகவே கிடக்கும்.

வீட்டின் பக்கம் நிற்கும் நியாயங்கள் லேசானவையல்ல. படியேற முடியாத முதியவர், எழுத்தில் வசனம் ஓடினாலொழியப் படத்தை அனுபவிக்க முடியாத செவிப்புலன் குன்றியவர், கைக்குழந்தைக்காரி, தன் ஊரில் என்றைக்கும் திரையிடப்படாத மலையாளப் படத்தையோ ஈரானியப் படத்தையோ தேடுகிற ரசிகன், இவர்களுக்கெல்லாம் வீட்டுத் திரை வரப்பிரசாதம். தியேட்டர்களும் ஒன்றும் தேவலோகமாக இல்லை. டிக்கெட்டைவிடச் சோளப்பொரி விலை அதிகமாக இருக்கும் விந்தையை என் ஆயுளிலேயே கண்டுவிட்டேன். சென்ற மாதம் ஓர் அரங்கத்தில் எனக்கு முன்வரிசைக்காரர் படம் முழுவதும் கைப்பேசியைத் திறந்து வைத்து யாருக்கோ செய்தி அனுப்பியபடி இருந்தார். அவர் தம் வீட்டுக் கூடத்தைக் கையோடு கொண்டு வந்திருந்தார் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் வீட்டுப் பொத்தான் எல்லோருடைய விரலுக்கும் எட்டுவதில்லை என்ற ஒன்றை மட்டும் இந்த விவாதத்தில் யாரும் எடுப்பதாகக் காணோம். மேட்னிக் காட்சிக்குப் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போன காலத்தை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். மதியச் சமையலை ஏறக்கட்டிவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவையும் எதிர்வீட்டு மதினியையும் கூட்டிக்கொண்டு அவர்கள் போனது படத்துக்காக மட்டும் அல்ல. அந்த மூன்று மணி நேரத்துக்கு ஒருவரும் அவர்களைக் கூப்பிட முடியாது. இருட்டுக்குள் தண்ணீர் கேட்பாரில்லை; தோசை கேட்பாரில்லை. அந்தப் படம் இப்போது வீட்டுக்கே வந்துவிட்டது. கணவர் சாய்வு நாற்காலியில், பிள்ளைகள் கட்டிலில்; குக்கர் கூவும்போது எழுந்து போகிறவள் வீட்டுக்காரி. சில வீடுகளில் அவளுக்காகப் படத்தை நிறுத்தி வைக்கிறார்கள். பல வீடுகளில், “நீ போய்ட்டு வாம்மா, கதையை நாங்க சொல்றோம்” என்று ஓட விட்டுவிடுகிறார்கள். வந்து உட்காரும்போது யார் யாரைக் கொன்றார்கள் என்று அவள் கேட்க வேண்டியிருக்கிறது. தியேட்டரில் எல்லோருக்கும் ஒரே இடைவேளை. வீட்டில் ஒருத்திக்கு மட்டும் பத்து இடைவேளை, அதில் ஒன்றுகூட அவள் கேட்டதில்லை.

ஆகவே, இந்த ஞாயிற்றுக்கிழமை படம் வீட்டிலேயே என்று தீர்மானித்திருக்கிறீர்களானால், தடையில்லை, பாருங்கள். பொத்தானை அழுத்துமுன் அடுக்களைப் பக்கம் போய், அங்கே என்ன வேலை மிச்சமிருக்கிறது என்று பார்த்து, அதை முடித்துவிட்டு வாருங்கள்.