தேன் நீரும் பட்டினியும்

கல்வராயன் மலைத் தேனுக்குக் கள்ளக்குறிச்சி வட்டாரத்து இல்லங்களில் தனி மதிப்புண்டு. உடல் எடையைக் குறைக்க விரும்பும் சகோதரிகள் சிலர், விடிந்ததும் வெந்நீரில் தேனும் எலுமிச்சைச் சாறும் கலந்து பருகிவிட்டு, நண்பகல் வரை எதுவும் உண்ணாதிருக்கிறார்கள். இன்று பரவலாகப் பேசப்படும் ‘இடைவெளிப் பட்டினி’ இதுவே என்றும் நம்புகிறார்கள். ஆனால் அந்தத் தேன் நீரிலேயே பட்டினி முடிந்துவிடுகிறது. ஒரு மேசைக்கரண்டித் தேனில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை உண்டு. மலைத் தேன் என்பதால் அது குறைந்துவிடாது.

இம்முறையைக் கடைப்பிடிப்போரில் பலர் நாளில் 16 மணி நேரம் உண்ணாதிருந்து, எஞ்சிய 8 மணி நேரத்திற்குள் உணவை முடித்துக்கொள்கின்றனர். நமது நோன்போடு இதற்குள்ள ஒற்றுமை தோற்றத்தில் மட்டுமே. ரமளானில் பஜ்ரு முதல் மஃரிபு வரை ஒரு மிடறு நீரும் கூடாது. அது நிய்யத்துடன் நோற்கும் வணக்கம். இதுவோ வெறும் உணவுப் பழக்கம். ஆகவே தண்ணீர் தாராளமாகப் பருகலாம், பருகவும் வேண்டும். பாலும் சர்க்கரையும் சேராத தேநீர், கடுங்காப்பி, சீரக நீர், வெல்லமிடாத சுக்கு நீர் ஆகியவற்றுக்கும் தடையில்லை. மோர், இளநீர், பழச்சாறு, நீராகாரம் யாவும் உணவே. கோடையில் மோரை விட மனம் வராதுதான்; அதை உண்ணும் நேரத்திற்கு ஒதுக்கிக்கொள்ளலாம்.

அந்த எட்டு மணி நேரத்தில்தான் பலர் கட்டுப்பாட்டை இழக்கிறார்கள். சீனாவின் குவாங்சோ நகரில் உடல் பருமனுள்ள 139 பேரை ஓராண்டு கவனித்த ஆய்வு 2022இல் வெளியானது. உணவின் அளவை இரு பிரிவினருக்கும் ஒரே விதமாகக் குறைத்தபோது, எட்டு மணி நேர வரம்பால் எடைக்குறைவில் குறிப்பிடத்தக்க கூடுதல் பயன் கிடைக்கவில்லை. கடிகாரத்தைப் பார்ப்பவர்கள் தட்டையும் பார்க்க வேண்டும்.

மலையில் சாமையும் தினையும் விளைகின்றன. நோன்புக் கஞ்சியின் பக்குவத்திலேயே சாமையுடன் சிறுபருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு சேர்த்துக் காய்ச்சலாம். தேங்காய்ப் பாலைக் குறைத்துக்கொள்வது நல்லது. தவிடு போகத் தீட்டிய சாமையில் நார்ச்சத்து குறைவு. சாமையும் மாவுச்சத்துள்ள தானியமே. சிறுதானியம்தானே என்று இரு மடங்கு உண்பதில் பயனில்லை.

நீரிழிவுக்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இதைத் தவிர்ப்பதே நலம். கடமையான ரமளான் நோன்பிலேயே நோயாளிகளுக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்க, எடைக்காக இருக்கும் பட்டினியில் பிடிவாதம் எதற்கு? வழக்கமான மருந்தை எடுத்துக்கொண்டு உண்ணாதிருந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, மனக்குழப்பம் தோன்றினால் உடனே சர்க்கரை கரைத்த நீரைப் பருக வேண்டும். அவ்வேளையில் அந்தத் தேன் நீரும் உதவும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108 ஊர்தியை அழையுங்கள்.